நாலு விரல் இடைவெளி

எங்கள் பட்டறையில் உயரத்தை அளக்க டேப் எடுப்பதில்லை. விரல்தான் கணக்கு. டயரின் உச்சிக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் தகட்டுக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்போம். கம்பெனியிலிருந்து வரும் சாதாரண காருக்கு நாலு விரல். யார் விரலை வைத்து அளப்பது என்று சண்டைகூட வந்திருக்கிறது.

நேற்று நீங்கள் ஒரே வண்டிக்கு நான் எழுதிய வேலை அட்டைகளைக் காட்டி, அவற்றில் இருக்கும் வார்த்தைகளுக்கு அர்த்தம் எழுதித் தர முடியுமா என்று கேட்டீர்கள். பட்டறையில் படித்தவன் நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அவசரமில்ல. உங்க மனநிலை எனக்குப் புரியுது. மெதுவா எழுதுங்க" என்றீர்கள். தண்ணீரும் கொண்டுவரச் சொன்னீர்கள். நன்றி, மேடம். அறை சிறியது, ஆனால் ஜன்னல் வழியாக வண்டிகள் நிற்கும் இடம் தெரிகிறது. எழுத வசதியாக இருக்கிறது.

எல்லா வார்த்தைகளையும் எழுதுகிறேன். அட்டையில் உள்ள வரிசையில் எழுதினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. வேலை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதல் வார்த்தை டிராப். வண்டியைக் கீழே இறக்குவதற்குப் பொதுப்பெயர் அது. கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, இதற்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்கைப் போட்டால் நாலு விரல் இருந்த இடத்தில் இரண்டு விரல் மிஞ்சும். வளைவில் வண்டி சாயாது. பார்க்கவும் லட்சணமாக இருக்கும். எந்தக் குறையும் சொல்ல முடியாத வேலை. கல்யாணமாகி ஆறு மாதத்தில் என் மனைவியின் காருக்கு அதைச் செய்தேன். கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கி வைத்திருந்த சின்ன வண்டி அது.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வருகிறவர்களின் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. இறக்கிய வண்டியைப் பட்டறை வாசலில் பார்த்ததும் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள்.

"முன்னாடி இருந்தது தெளிவா, இப்ப இருக்கிறது தெளிவா?" என்று கேட்டேன்.

"இப்ப இருக்கிறதுதான் டாக்டர். ஆனா ஏன் குனிஞ்சு எதையோ தேடிட்டு நிக்குது?"

குழிக்குள் இருந்து குழியண்ணன் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் தொலைச்ச பத்து எம்.எம். ஸ்பேனரைத் தேடுதும்மா" என்றார்.

குழியண்ணன் எங்கள் தலைமை ஃபிட்டர். தரையில் வெட்டிய குழிக்குள் நின்று வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது அவர் வேலை. நாளில் பாதி அங்கேயே இருப்பதால் அந்தப் பெயர். என்னைக் ‘காலேஜ்’ என்று கூப்பிடுவார். முந்தாநாள் நீங்கள் அழைத்து வந்து உட்கார வைத்திருப்பது அவரைத்தான். கடைசி அட்டையில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்கு அவளுக்கு வண்டி பிடித்திருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பயந்த சுபாவம். சொல்வதில் வெட்கமில்லை. சின்ன வயதில் வீட்டில் யார் செருப்பை மாட்டினாலும் திரும்பி வரமாட்டார்கள் என்று வாசல்வரை பின்னாலேயே ஓடுவேன். வளர்ந்ததும் போய்விட்டது என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பயம் மொத்தமும் அவள் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு எதைக் கண்டும் எனக்குப் பயமில்லை. குழிக்கு மேல் முட்டுக் கொடுக்காத வண்டி நின்றாலும் உள்ளே இறங்கிவிடுவேன்.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. ஒடுக்கமான ஒரே தெரு, பதினாறு வீடுகள். பஸ் வராது. தெரு முடிகிற இடத்தில் ஒரு வேகத்தடை. அதில் ஏறிக்கொண்டே ஸ்டீயரிங்கை முழுசாக வலது பக்கம் ஒடித்தால்தான் பெரிய சாலைக்குத் திரும்ப முடியும். திரும்பி வரும்போது அதே இடத்தில் இடது பக்கம் ஒடிக்க வேண்டும். பெரிய சாலை அங்கிருந்து ஊர் வரை இறக்கம். ஏழு வளைவு.

ஒருநாள் அவள் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாள். போனை எடுக்கவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டிச் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். 

"ஒரு சின்னப் பொண்ணு, இன்னைக்குத்தான் மொதல் கண்ணாடி. கடையை விட்டே போக மாட்டேங்குது. வாசல்ல இருக்கிற மரத்துல இலை தனித்தனியா தெரியுதாம். எண்ணிட்டே நிக்குது. எப்படிங்க விட்டுட்டு வர்றது?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் கதையைக் கேட்கவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் நான் செத்துக்கொண்டிருந்தபோது அவள் எங்கோ சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அடுத்த வார்த்தை கட் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் சுற்றுகளில் ஒன்றையோ ஒன்றரையையோ கிரைண்டரால் அறுத்து எடுத்துவிடுவது. நல்ல பட்டறை இதைச் செய்யாது. வாடிக்கையாளர் கேட்டாலும் நான் மறுத்துவிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைச் சாவியை வாங்கிப்போய் அவள் வண்டிக்குச் செய்தேன். ஸ்பிரிங்கில் விரிசல் இருந்தது, சரிசெய்தேன் என்று அவளிடம் சொன்னேன். ஒரு விரல் மிஞ்சியது.

இப்போது வண்டி வேகத்தடையைத் தாண்டும்போது அடித்தகடு உரசியது. இரும்புக் கட்டிலைத் தரையில் இழுப்பது போன்ற சத்தம். தெருக்கோடியிலிருந்து எங்கள் சமையலறை வரை கேட்கும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. நான் வீட்டில் இருக்கிற நாட்களில் அந்த இரண்டாவது சத்தத்தைக் கேட்டால் எனக்கு உடம்பு தளர்ந்து நிம்மதி வரும். மற்றவர்கள் சாமி கும்பிட்டுப் பெறுகிற நிம்மதி அதுவாக இருக்கலாம்.

அவளுக்கு அந்தச் சத்தம் பயம். நேராகப் பட்டறைக்கு வந்து குழியண்ணனிடம் கேட்டுவிட்டாள். நான் பக்கத்து வண்டியின் அடியில் இருந்தேன்.

"தங்கச்சி, நேரா ஏத்தாதீங்க. சாய்ச்சு ஏத்துங்க. மொதல்ல ஒரு சக்கரம், அப்புறம் இன்னொண்ணு. கட்டில்ல ஏறுற குழந்தை மாதிரி. சத்தமே வராது" என்றார்.

"இவர்கிட்ட கேட்டா பழகிடும்ங்கிறார்."

"காலேஜுக்கு வண்டியைத் தெரியும். ரோட்டைத் தெரியாது."

சொன்னபடியே அவள் பழகிக்கொண்டாள். சத்தம் நின்றது. எனக்குப் பயம் திரும்பி வந்தது.

இந்தச் சமயத்தில்தான் அட்டையில் ‘ஸ்டேட்டிக்’, ‘ஏர் பேக்’ என்ற இரண்டு வார்த்தைகளும் வந்தன. ஸ்டேட்டிக் என்றால் இறக்கியது இறக்கியதுதான், அப்படியே நிற்கும். ஏர் பேக் என்பது ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் ரப்பர்ப் பையை வைப்பது. காற்று ஏற்றினால் வண்டி எழும், விட்டால் படுக்கும். மேடு வந்தால் ஏற்றிக்கொள்ளலாம். எனக்கு அது போட்டுக் கொடுங்களேன் என்று அவள் கேட்டாள். அட்டையில்கூட எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். அடித்தது ஏன் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். ஏர் பேக்கில் பட்டன் ஓட்டுகிறவர் கையில் இருக்கும். அதனால்தான்.

அவளிடம் அது அடிக்கடி காற்றுக் கசியும் என்றேன்.

சி-நாட்ச், பாடி டிராப் இரண்டும் லாரி, பிக்கப் வேலைகள். உங்களுக்குத் தேவைப்படாது. இருந்தாலும் கேட்டதால் எழுதுகிறேன். சி-நாட்ச் என்பது பின் அச்சு மேலே எழும்ப இடம் விட்டு, வண்டியின் முதுகெலும்பான சட்டத்தில் அரைவட்டமாக வெட்டி எடுப்பது. வெட்டின இடத்தில் தடித்த பட்டை வைத்துப் பற்றவைத்தால்தான் சட்டம் தாங்கும். பாடி டிராப் என்பது சட்டத்தைத் தொடாமல் மேலே உள்ள கூட்டை மட்டும் கீழே இறக்குவது. வெட்டுவது ஒரு மணி நேரம், பட்டை வைப்பது இரண்டு நாள். நான் பட்டை வைக்காமல் ஒரு வண்டியையும் வெளியே விட்டதில்லை. யாரைவேண்டுமானாலும் கேளுங்கள். நான் கவனமான வேலைக்காரன்.

அவள் வேலையை விட்டாள். நானாக விடச் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், எத்தனை மணிக்கு முதல் வளைவு, கடைக்கு வந்த கடைசி ஆள் ஆணா பெண்ணா என்று கேட்பேன், அவ்வளவுதான். ஒருநாள் கேள்வி முடியும் முன்பே எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் கடைக்குப் போகவில்லை. நான் அவளுக்குப் பிடித்ததை எல்லாம் வாங்கிப் போனேன். அந்த மாதம் முழுக்க நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு புதன்கிழமை, சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வண்டியின் மூக்கு வேறு பக்கம் திரும்பி நின்றது. காலையில் சுவரைப் பார்த்து நின்ற வண்டி.

"எங்கேயாவது போனியா?"

"இல்லையே. வெயில் படுதுன்னு திருப்பி நிறுத்தினேன்."

பொய்யாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எப்படிக் குடியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். பட்டறையில் இறுக்கிய போல்ட்டையே மறுபடி மறுபடி இறுக்கினேன். 

ஸ்லாம் என்ற வார்த்தைக்கு வந்துவிட்டோம். இதற்கு மேல் இறக்க முடியாது என்கிற அளவு. விரலே நுழையாது. டயரின் தலை தகட்டுக்குள் போய் மறைந்துகொள்ளும், அந்த மறைவுக்கு டக் என்று பெயர். அந்த அளவுக்கு இறங்க வேண்டுமென்றால், ஸ்பிரிங் அடிவரை அமுங்காமல் தடுக்கிற ரப்பர் முட்டையும் எடுத்துவிட வேண்டும். எடுத்தேன். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, புதுசு வரும்வரை வண்டி இப்படித்தான் நிற்கும் என்று அவளிடம் சொன்னேன்.

இப்படி இறக்கும்போது முன் சக்கரங்களின் பிரேக் ஹோஸ் தொய்ந்துவிடும். பிரேக் எண்ணெய் போகிற, சுண்டுவிரல் தடிமன் ரப்பர்க் குழாய். அதை ஒரு கிளிப் போட்டு உள்பக்கமாக இழுத்துக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, டயர் ஹோஸைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் அட்டையில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. அது நான் சேர்த்த கட்டம். முதலாளியிடம் சண்டை போட்டுச் சேர்த்தேன்.

அவள் வண்டிக்குக் கிளிப் போடவில்லை. ஒடித்துப் பார்த்தேன். சமதரையில் தொடவில்லை. ஒரு பக்கத்துக்குக் கீழே கட்டை வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். தொட்டது. அதாவது, சாய்ந்து ஏறிக்கொண்டே முழுசாக ஒடித்தால் மட்டும் தொடும். அவள் போகிற பாதையில் அப்படி ஒரே ஒரு இடம்தான். எங்கள் தெருவின் வேகத்தடை. போகும்போது ஒரு பக்க ஹோஸ். வரும்போது மறுபக்க ஹோஸ்.

போல்ட்டை இறுக்கியதற்கு அடையாளமாகக் கோடு போட எங்களிடம் மஞ்சள் பெயிண்ட் பேனா உண்டு. இரண்டு ஹோஸிலும் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு போட்டேன். தினமும் சாயங்காலம் டயருக்குக் காற்று பார்க்கிறேன் என்று குனிந்து, சக்கரத்தின் பின்னால் போனை நுழைத்துப் படம் எடுப்பேன். கோடு முழுசாக இருந்தால் அவள் வீட்டில் இருந்தாள். ஒரு கீறல் விழுந்திருந்தால் ஒருமுறை போனாள். மறுபடி புதுசாகக் கோடு போட்டுவிட்டு உள்ளே வருவேன்.

திங்கள், புதன், வெள்ளி. போகிற பக்கம் ஒரு கீறல், வருகிற பக்கம் ஒரு கீறல். அவள் மறுபடி கண்ணாடிக் கடைக்குத்தான் போகிறாள் என்று எனக்கு முதலிலேயே தெரியும். நான் கோபப்படவில்லை. இரண்டு பக்கமும் சமமாக இருக்கிற வரையில் எனக்குத் தூக்கம் வந்தது.

நீங்கள் இதைக் கண்காணிப்பு என்று எழுதிக்கொள்ளக்கூடும். ஒரு கேமரா வைத்திருந்தால் கண்காணிப்பு. இது ஒரு கோடு.

ஒருமுறை மட்டும் வாய்தவறிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கீறல். சாப்பிடும்போது, "இன்னைக்கு ரெண்டு தடவை" என்றேன்.

கரண்டி கையில் நின்றது. "என்ன ரெண்டு தடவை?"

"போய்ட்டு வந்தது."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவள் முகத்தில் ரத்தம் இல்லை. அடுத்த நாள் நாற்காலி மேல் ஏறி உத்தரத்தின் மூலைகளைத் தடவிப் பார்த்தாள். ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தாள். தன் போனைக் கழற்றி, திரும்ப மாட்டினாள். கைப்பையைக் கவிழ்த்துத் தையலைக்கூடப் பிரித்தாள். நான் பக்கத்து அறையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி செய்ய வேண்டும்போல் இருந்தது. வண்டிக்கு அடியில் மட்டும் அவள் பார்க்கவே இல்லை. அந்த அளவுக்கு இறக்கிய வண்டிக்கு அடியில் தலை நுழையாது.

அதற்குப் பிறகு வீட்டில் மெதுவாகப் பேசினாள். குழாயைத் திறந்து விட்டுவிட்டு அக்காவிடம் போனில் பேசுவாள். நான் பின்னால் வந்து நின்றால் தோள் இரண்டும் ஏறி இறங்கும். தூக்கம் போதாததால் அப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன்.

அவளுடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் ஒரு ஞாயிறு வந்தார்கள். நாலு மணி நேரத் தொலைவில் இருப்பவர்கள். என் சகலை கலகலப்பான ஆள்.

"என்ன சகலை, வண்டி பாய் போட்டுப் படுத்திருக்கு? எழுப்பி ஒரு காபி குடுங்க" என்றார்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், என்னைப் பார்த்துவிட்டு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பன்னாலும் வாடி. போன்கூடப் பண்ண வேணாம், வந்துடு" என்றாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன்.

போன மாதம் பட்டறைக்குள் வண்டி வந்தது. ஏதோ ஆட்டம் இருக்கிறது என்று அவள் நேராகக் குழியண்ணனிடமே கொண்டுவந்தாள். நான் உதிரிப்பாகம் வாங்கப் போயிருந்தேன். திரும்பியபோது அவர் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"காலேஜ், இங்க வா. இது பொண்டாட்டி வண்டியா, இல்ல உனக்கு ஆகாதவன் வண்டியா?"

"ஏன்ண்ணே?"

"கிளிப் எங்க? ஹோஸ் தேஞ்சு கெடக்கு. மேல மஞ்சள் வேற அடிச்சிருக்க. கல்யாணமா அதுக்கு?"

"அடையாளத்துக்குப் போட்டேன். நானே மாத்திடறேன்."

"இன்னைக்கே மாத்து. விளையாடாத."

"சரிண்ணே."

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது. அன்று அவர் சின்னதாக ஒரு போல்ட்டை இறுக்கி அனுப்பிவிட்டார். ஹோஸை நான் மாற்றுவேன் என்று நம்பினார். இதை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் சொல்வது உண்மை.

கையெழுத்தைப் பற்றி இப்போது சொல்கிறேன். குழிக்குள் இறங்கினால் கை கறுத்துவிடும், அட்டை பாழாகிவிடும். அதனால் அவர் திங்கட்கிழமை காலையிலேயே, கை சுத்தமாக இருக்கும்போது, அந்த வாரத்துக்கான வெற்று அட்டைகள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு ஆணியில் குத்தி வைத்துவிடுவார். பல வருடப் பழக்கம். ஸ்லாம் வேலை செய்த ஞாயிற்றுக்கிழமை, ஆணியில் மிச்சம் இருந்த ஒன்றை எடுத்து நான் எழுதினேன். முழு ஒடிப்புச் சோதனைக் கட்டத்தில் டிக் போட்டது நான். தேதி என் கையெழுத்து. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

ஹோஸை ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். புதிய ஹோஸ் கடினமாக இருக்கும், கிளிப் போடாவிட்டாலும் தொய்யாது. கீறல் விழாது. எனக்கு எதுவும் தெரியாமல் போய்விடும்.

தேய்மானம் எப்படி நடக்கும் என்றால், முதலில் மேல் ரப்பர் பளபளக்கும். பிறகு சொரசொரப்பாகும். அதன் பிறகு உள்ளே பின்னியிருக்கும் நூல் தெரியும். நூல் தெரிந்துவிட்டால் பிரேக்கை மிதிக்கும்போது அந்த இடம் கொஞ்சம் புடைக்கும். கடைசி வாரம் வியாழக்கிழமை நூல் தெரிந்தது. இரண்டு பக்கமும். சனிக்கிழமை அவளை உட்கார வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பட்டாணி அளவுக்குப் புடைத்தது.

"நல்லா மிதிச்சியா?"

"மிதிச்சேன். போதுமா?"

"போதும்."

ஒரு ஹோஸ் வெடித்தாலும் இன்னொரு பக்கம் பாதி பிரேக் இருக்குமே என்று உங்கள் வாகன ஆய்வாளர் கேட்டதாகச் சொன்னீர்கள். சரியான கேள்வி. இரண்டும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தால் மட்டும்தான் அந்தப் பாதியும் இருக்காது. தேய்ந்திருந்தன. போனபோதெல்லாம் அவள் திரும்பி வந்துகொண்டும் இருந்தாளே.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சமையலறையில் நின்றபடி சொன்னாள். நடுவில் மேஜை இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேங்க. அங்க ஒரு கடையில ஆள் கேட்டிருக்காங்க. கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன்."

"எப்ப?"

"இப்ப."

"சரி" என்றேன்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை.  நான் அவள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் டிக்கியில் வைத்தேன். கனமான இரண்டு பெட்டிகள். கொஞ்ச நாளைக்கு இவ்வளவு தேவைப்படாது. வண்டி இன்னும் இறங்கியது. முன்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன்.

அவள் இருக்கையில் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள், பாதி மட்டும்.

"வண்டி நல்லா இருக்குல்ல?"

என்னை நம்பாதவள், வண்டி விஷயத்தில் மட்டும் என் வார்த்தையை நம்பினாள். அதை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது.

"நல்லா இருக்கு. பார்த்துப் போ" என்றேன்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. இந்த அளவுக்கு இறக்கிய வண்டியில் அதிர்வு அதிகமாகத்தான் இருக்கும். சாவியை அவள் இன்னும் திருப்பவில்லை.

வாசலில் நின்று கேட்டேன். பெட்டிகளின் கனத்தால் அன்று சாய்த்து ஏற்றியும் வேகத்தடையில் உரசியது. ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்கிற சத்தம். ஒன்று. நான் படியில் உட்கார்ந்து இரண்டாவதற்காகக் காத்திருந்தேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது, உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உள்ளே போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. எழுந்து போனால் சத்தத்தைத் தவறவிட்டுவிடுவேன் என்று உட்கார்ந்தே இருந்தேன். மதியம் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் நடந்து வந்தார்கள்.

ஐந்தாவது வளைவு என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் மூன்றாவது என்று நினைத்திருந்தேன்.

இதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கிளிப்பைப் போடாதவன் நான். நூல் தெரிந்தது எனக்குத் தெரியும். அது எத்தனை மிதிக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். தெரிந்தே துடைத்துக் கொடுத்து அனுப்பினேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் கோபம் என்று எழுதாதீர்கள். அவள்மேல் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அவள் என்னைக் கண்டு பயந்தாள் என்று அவளுடைய அக்கா சொல்வது தவறு. அந்த வீட்டில் பயந்தவன் நான் ஒருவன்தான்.

இப்போது அந்தப் பயம் இல்லை. கை நடுங்காமல் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

ஜன்னலுக்கு வெளியே, ஓரமாக நிற்கும் வெள்ளை வண்டி உங்களுடையதுதானே. காலையில் நீங்கள் இறங்கியதைப் பார்த்தேன். நாலு விரல் இடைவெளி இருக்கிறது, அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். நேற்று நீங்கள் கிளம்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. உங்கள் வீட்டில் உங்களுக்காகப் பயப்பட யாருமே இல்லையா, மேடம்?